இருபது நிமிட வெயில்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பெடாஸ் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் நடந்து எஸ்டேட் பெரட்டுக்களத்தை அடைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை அக்காவின் முழங்கால்கள். களத்தின் நடுவில் ஒரு மர நாற்காலி. அதில் கிழக்கே பார்த்து, கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு, ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் அலாரக் கடிகாரம்.

விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது. அந்த நேரத்துக்கு எல்லோரும் ரப்பர் மரங்களுக்குள் போயிருப்பார்கள். களத்தில் அவளையும் இரண்டு கோழிகளையும் தவிர யாரும் இல்லை.

"என்னக்கா இது?" என்றேன்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. ஒன் நெழல் விழுது, தள்ளி நில்லு லா."

தள்ளி நின்றேன். அலாரம் அடித்தது. கைலியை இறக்கிவிட்டு, நாற்காலியின் கைகளை அழுத்திப் பிடித்து இரண்டு தவணையாக எழுந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் சிரம்பான் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, மற்ற நாள்களில் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையை அதற்கு முன்பே விட்டிருந்தாள்.

"நீதானே எழுதியிருந்த. பத்து மணிக்குள்ள, இருபது நிமிஷம்னு. ஒரு நாள் விடாம ஒக்காருறேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே மறைப்பதற்கில்லை. பத்திரிகைக்காரனுக்குத் தன் எழுத்தை ஒருவர் கடிகாரம் வைத்துக்கொண்டு கடைப்பிடிப்பதைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. அவள் நாற்காலியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவள் இடுப்பைச் சற்று ஒருபக்கமாகச் சாய்த்து நடந்ததையும் பார்த்தேன். உட்கார்ந்தே இருந்ததால் கால் மரத்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியனாக இருந்தேன். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்ப்பது என் வேலை. அதோடு ஞாயிறு பதிப்பில் மருத்துவக் குறிப்புகள் என்று அரைப் பக்கம். அதை எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் 'நமது மருத்துவ நிருபர்' என்று போடுவோம். அப்படி ஒருவர் இல்லை. நான்தான். நான் படித்தது வரலாறு. இந்த ரகசியம் அலுவலகத்துக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் அக்கா. நானே சொல்லியிருந்தேன், பெருமைக்காக.

வெயிலைப் பற்றிய குறிப்பு, பெரட்டுக்களத்தில் அவளைப் பார்ப்பதற்கு மூன்று மாதங்களுக்கு மேல் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் தயாரானது. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி பற்றிய நீண்ட ஆங்கிலக் கட்டுரை வந்திருந்தது. தோலில் வெயில் பட்டால் உடம்பே அதைச் செய்துகொள்ளும், பெரும்பாலோருக்கு மாத்திரை வேண்டாம் என்பது அதன் சாரம். நான் அதற்கு என் சொந்தச் சரக்காக ஒரு முன்னுரை சேர்த்தேன். எங்கள் எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில் டிரசர் ஒருவர் இருந்தார். டாக்டருக்குப் படிக்காதவர், ஆனால் எங்களுக்கு அவர்தான் டாக்டர். காய்ச்சல் இல்லாமல் யார் போய் உடம்பு வலி என்றாலும் மஞ்சள் நிற வைட்டமின் மாத்திரை நான்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்புவார். முதுகு வலிக்கும் அதுதான், தலைசுற்றலுக்கும் அதுதான். தோட்டத்து மக்களுக்கு வைட்டமின் என்பது மருந்து இல்லை. நீ பொய் சொல்கிறாய், வேலைக்குப் போ என்று சொல்வதற்கு நாகரிகமான ஒரு பொட்டலம். எங்கள் அம்மா அவற்றை வாங்கி வந்து கோழிக்குப் போடுவாள். இதையெல்லாம் கொஞ்சம் கேலியாக எழுதி, 'சூரியன் சும்மா தருவதை மாத்திரையில் தேட வேண்டாம்' என்று முடித்திருந்தேன். படித்தவர்கள் சிரித்தார்கள். தலைமைப் பிழைதிருத்துநர் என் மேசைக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

அது வெளியான வாரம் நான் ஊருக்குப் போனபோது பக்கத்தை அக்கா சுவரில் ஒட்டியிருந்தாள். பலகைச் சுவர். சாமிப் படத்துக்கு இரண்டு முழம் தள்ளி, சோற்றுப் பசையால். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் காட்டுவாள். எழுதியது யார் என்று சொல்லமாட்டாள். ரகசியம் காப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் காட்டிவிட்டுச் சிரிக்கும் சிரிப்பிலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துகளில் மிகச் சிறியது ஒரு மென்கூடு, உள்ளே எண்ணெய் மருந்து உள்ள மெத்தென்ற காப்சூல். மீன் முட்டையை விடச் சற்றுப் பெரிது. மற்ற மாத்திரைகளை ரத்த அழுத்தத்துக்கு, ரத்தம் ஊறுவதற்கு என்று வாங்கினாள். இதைக் கொடுக்கும்போது மிஸி, அதாவது நர்ஸ், மலாய்மொழியில் ஒரே சொல் சொன்னாராம்: வைட்டமின்.

பெரட்டுக்களத்தில் அவளைப் பார்த்த நாளுக்கு நான்கு மாதங்கள் கழித்து மாமா எனக்கு எஸ்டேட் ஆபீசிலிருந்து போன் செய்தார். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எஸ்டேட்டின் ரப்பர் பால் ஃபேக்டரியில் வேலை செய்தார். அதிகம் பேசாதவர். ஆபீஸ் போனில் பேசும்போது இன்னும் குறைவு. ஆஸ்பத்திரி டாக்டர், வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்கிறார், விவரமாகப் பேச வேண்டுமாம், தனக்கு விவரம் போதாது என்றார்.

டாக்டர் முப்பது வயது மதிக்கத்தக்க சீனப் பெண்மணி. என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். விளக்குப் பெட்டியில் அக்காவின் கை எலும்புப் படத்தைச் செருகி, பேனா முனையால் விரல்களின் ஓரத்தைக் காட்டினார். ஓரம் பூச்சி அரித்த மாதிரி இருந்தது. ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து குறைந்துவிட்டது. அதை ஈடுசெய்யக் கழுத்தில் இருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன. எலும்பு வெறும் கூடாகிக்கொண்டு வருகிறது என்றார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆவதில்லை. அக்காவிடம் கேட்டால் எல்லாம் சாப்பிடுவதாகச் சொல்கிறார். வீட்டில் பார்க்க முடியுமா?

எந்த மருந்து என்று கேட்டேன். சொன்னார். கூடவே, எதையும் அரைகுறையாக விடக் கூடாது என்கிற அவருடைய குணத்தால், முழுவதையும் விளக்கினார். வெயிலில் தோல் செய்வது கச்சாப் பொருள் மட்டும். அது முதலில் கல்லீரலுக்கும் பிறகு சிறுநீரகத்துக்கும் போகிறது. சிறுநீரகத்தின் உயிரணுக்களில்தான் அது கடைசியாக மாற்றப்பட்டு, வேலை செய்யும் சத்தாக ஆகிறது. அந்த உயிரணுக்கள் செத்துவிட்டவர்களுக்கு வெயிலால் பயன் இல்லை. மாற்றி முடித்த சத்தையே மருந்தாகக் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு மென்கூடு அதுதான். சிறுநீரக உயிரணுக்கள் உடம்பின் மற்ற பாகங்களுக்காக இந்தச் சத்தைச் செய்வதோடு, தங்கள் நலத்துக்கும் அதை நம்பியிருக்கின்றனவோ என்று ஆராய்ச்சி நடப்பதாகவும், ஆனால் அதைப் பற்றித் தான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தொழில் பழக்கம். எழுதியதைத் திரும்பப் பார்த்தபோது என் கையெழுத்து வழக்கம்போலவே இருந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஃபேக்டரியை வைத்துச் சொன்னேன். வெயில் பால் மாதிரி, சிறுநீரகம் ஃபேக்டரி மாதிரி என்றேன்.

"ஃபேக்டரிய மூடிட்டான்னா பால எவ்ளோ எடுத்தாந்து என்னா லா பண்றது?" என்றார். "கெட்டுத்தான் போவும்."

அன்று பிற்பகல் லயத்து வீட்டில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் மருந்து வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மற்ற மாத்திரைப் பொட்டலங்கள் தீர்ந்தும் தீராமலும் இருந்தன. சிறு மென்கூடுகள் இருந்த பொட்டலங்கள், மாதத்துக்கு ஒன்றாக, எட்டு. எதையும் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருந்தது. முதல் பொட்டலத்தின் தேதி என் குறிப்பு வெளியான ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த செவ்வாய்.

அவள் எழுந்ததும் கேட்டேன். ஒளிக்கவில்லை.

"அது வெறும் வைட்டமின்னு மிஸியே சொல்லிச்சு. நீயும் வெயிலே போதும்னு எழுதுன. இருக்கிற மாத்திரையே கை நெறைய. இந்த ஒண்ணாச்சும் கொறையட்டும்னு நிப்பாட்டிட்டேன்."

"ஆஸ்பத்திரியில கேட்டா சாப்பிடறேன்னு சொல்லியிருக்க."

"பின்ன என்னா சொல்றது? என் தம்பி எழுதியிருக்கான், ஒங்க மருந்து வேணாம்னா? அவுங்க மூஞ்சி சுருங்கிப் போயிரும்."

மருந்தை மறுபடி சாப்பிட வேண்டும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றேன். உடனே ஒப்புக்கொண்டாள். அதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. அவளுக்குச் சிரமமாக இருந்தது வேறு.

"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யா தம்பி?"

"பொய் இல்லக்கா. அது நல்லா இருக்கிறவங்களுக்கு. கிட்னி போனவங்களுக்கு இல்ல."

"அத ஒரு வரி எழுதியிருக்கலாம் இல்ல."

"எடம் பத்தலக்கா."

அவள் தலையசைத்தாள். இடம் போதாது என்பது அவளுக்குப் புரிகிற காரணம்தான். இரண்டு அறையில் ஒன்பது பேராக வளர்ந்தவர்கள் நாங்கள். நான் சொன்னது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது மட்டும் பாக்கி.

திங்கட்கிழமை அலுவலகத்தில் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய பழைய தாள்களைக் கட்டி வைக்கும் அறைக்குப் போனேன். அந்த மாதத்துக் கட்டைப் பிரித்துத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆங்கிலக் கட்டுரை நான்கு தாள். கடைசித் தாளின் கடைசிப் பத்தி ஐந்து வரி, தமிழில் ஆறு வரி வரும்: சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் வெயிலை நம்பி மருத்துவர் தரும் வைட்டமின் டி மருந்தை நிறுத்தக் கூடாது. அதன் குறுக்கே நீலப் பென்சிலில் ஒரு கோடு. என் கோடு.

செய்தி நீண்டால் அடியிலிருந்து வெட்டுவது எங்கள் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வது. முக்கியமானது மேலே இருக்கும், முக்கியம் குறைந்தது அடியில் இருக்கும் என்பது கணக்கு. அந்த வெள்ளிக்கிழமை என் குறிப்பு ஆறு வரி அதிகமாக இருந்தது. டிரசரையும் மஞ்சள் மாத்திரையையும் பற்றிய என் முன்னுரை பதினொரு வரி. அதில் ஆறு வரியை எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை. அடியில் இருந்ததை அடித்தேன். அடிக்குமுன் படித்தேன் என்பதை நான் இங்கே எழுத வேண்டும். படிக்காமல் அடித்ததாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அந்தப் பத்தியில் ஓர் ஆங்கிலச் சொல்லின் கீழே, மொழிபெயர்க்கத் தமிழ்ச் சொல் தேடும்போது நான் இடும் சிறு புள்ளி இருந்தது. சிறுநீரகம் என்று எழுதப்போகிறவன்தான் அந்தப் புள்ளியை வைப்பான். அக்கா அப்போது இயந்திரத்துக்குப் போகத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தச் சொல் எனக்கு அவளை நினைவூட்டவில்லை. எனக்கு அது ஆறு வரியில் ஒரு சொல்.

அன்றே ஆசிரியரின் அறைக்குப் போனேன். குறிப்பில் ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது, திருத்தம் போடலாமா என்று கேட்டேன். எப்போது வந்தது என்றார். ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றேன். யாராவது கடிதம் எழுதினார்களா? இல்லை. யாராவது போன் செய்தார்களா? இல்லை. பின்னே எதற்குத் தூங்குகிறதை எழுப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார். அக்காவைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை. அவளைப் பற்றிச் சொன்னால் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருத்துவக் குறிப்புகளில் பல் துலக்குவதைப் பற்றி எழுதினேன்.

அடுத்த முறை அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பக்கத்துப் படுக்கையில் கோலா பிலாப் பக்கத்து அம்மாள் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் வேலை செய்தவர். அக்கா என்னை அறிமுகப்படுத்திவிட்டு, வெட்கத்தோடு ஒன்று சொன்னாள். அந்தப் பக்கத்தை இன்னொரு பிரதி வாங்கி அவருக்கும் கொடுத்திருந்தாளாம். அவரும் அந்த மருந்தை நிறுத்தியிருந்தார். இப்போது திரும்பச் சாப்பிடச் சொல்லியாகிவிட்டது என்றாள்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கக்கா என்னைய வெயில்ல காயவெச்ச கருவாடா ஆக்கிடுச்சு தம்பி," என்றார். "அத எழுதுன மவராசன் மட்டும் நெழல்ல ஒக்காந்திருப்பான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரகசியத்தை அவள் காப்பாற்றினாள். நானும் சிரித்தேன். அவரைத் தவிர வேறு எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் நாளிதழ் லிங்கியிலும் தம்பினிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் லயம் லயமாகப் போனது. ஒரு பிரதியை ஐந்து வீட்டில் படிப்பார்கள். இதை விளம்பரதாரர்களிடம் நாங்களே பெருமையாகச் சொல்வோம்.

மருந்தை மறுபடி தொடங்கிய மூன்றாவது மாதம், பெடாஸில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்காவின் வலது இடுப்பு எலும்பு முறிந்தது. அவள் விழவில்லை. படியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். வைத்தபோதே முறிந்தது, சத்தம் கேட்டது என்று மாமா சொன்னார். பஸ் டிரைவரும் மாமாவும் அவளை நீளவாக்கில் இருக்கையில் படுக்கவைத்து, வந்த வழியே சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் இறங்கி வெயிலில் நின்றார்கள்.

நான் போனபோது மதியம் இரண்டு மணி. அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். டாக்டர் நின்று பேசினார். அந்த மருந்தை விடாமல் சாப்பிட்டிருந்தால் இது நடந்திருக்காதா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இந்த நோயே எலும்பைத் தின்னும். மருந்து இல்லாத எட்டு மாதம் எவ்வளவு தின்றது, நோய் எவ்வளவு தின்றது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்திக்கொண்டேன்.

மாமா நடைவழியில் சுவரோரம் நின்றிருந்தார். சட்டையில் ஃபேக்டரி நெடி. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிப் பத்தியில் என்ன இருந்தது, அதைப் படித்தேன், எதற்காக அடித்தேன், எந்த வரிகளை வைத்துக்கொள்ள அடித்தேன், அதன் பிறகு திருத்தம் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பியது வரை. நான் முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்தார், ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து மறுபடி உள்ளே வைத்தார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. கண்ணு முழிச்சதும் சொல்லிடறேன்."

"சொல்லாத."

"சொல்லணும் மாமா."

"ஒனக்குச் சொல்லணும். அவளுக்குக் கேக்கணுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவ காலு போச்சு. இப்ப அவகிட்ட இருக்கிறது நீ ஒருத்தன்தான், பேப்பர்ல எழுதுற தம்பி. அதையும் பிடுங்கிக்கிட்டுப் போவப் போறியா? நீ சொமந்துக்க லா. ஒனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு."

பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்த தேநீரை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அக்கா கண் விழித்தபோது மாலை ஐந்து மணி கடந்திருந்தது. முதலில் நர்ஸிடம் தண்ணீர் கேட்டாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீர் அளவு இருந்ததால் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, வேலை நாளில் ஏன் வந்தாய், பேப்பரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். ஆள் இருக்கிறது என்றேன். மருந்தை ஒரு நாள்கூட விடவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிடு என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

எலும்பில் ஆணி வைத்து ஆறு வாரம் படுக்கவைத்தார்கள். கழுத்துச் சுரப்பிகளில் மூன்றரையை அறுவை செய்து எடுத்தார்கள். முறிந்த இடம் கூடவில்லை. அக்கா அதன் பிறகு மூன்று ஆண்டு நான்கு மாதம் இருந்தாள். அந்தக் கோட்டைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. இயந்திரத்துக்குப் போகும் நாள்களில் மாமா அவளைத் தூக்கி வேனில் வைத்தார்.